மிமா இட்டோவின் ஆட்டம்: ரப்பர் எவ்வளவு, ஆள் எவ்வளவு?

பதினோரு வயது மகளின் பேட்டில், பேக்ஹேண்ட் பக்கம் ஷார்ட் பிம்பிள், அதாவது குட்டைப் பருக்கள் வெளியே தெரியும் ரப்பர் ஒட்டலாம் என்று கோச் சொல்லியிருக்கிறார். உதாரணத்துக்கு ஜப்பானின் டேபிள் டென்னிஸ் வீராங்கனை மிமா இட்டோவைக் காட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து வீடியோ தேடிப் பார்த்த அப்பாவுக்குக் குழப்பம். ஒரு வீடியோவில் இட்டோ சீன வீராங்கனைகளை வரிசையாக வீழ்த்துகிறார், அடுத்ததில் ஒரு சீன வீராங்கனையிடம் 0-4 என்று தோற்கிறார். "இவர் ஜெயிப்பது ரப்பராலா, திறமையாலா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார். அதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த ரப்பர் ஒரு குறுக்கு வழியா? அதில் போனால் எங்காவது முட்டுச்சந்து வருமா? ஒரு அப்பாவின் கவலை அதுவாகத்தான் இருக்கும். இனி அந்த அப்பாவிடமே நேராகப் பேசுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. இருபது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு டேபிள் டென்னிஸ் சொல்லித் தருகிறேன். மாநில அளவைத் தாண்டி ஆடியதில்லை. இட்டோவின் பந்தை எதிரே நின்று வாங்கியதும் இல்லை. திரையில் பந்தின் வேகம் தெரியும், ஸ்பின் தெரியாது. அதனால் கீழே வரும் ஸ்கோர்களையும் பட்டங்களையும் உறுதியானவையாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாயிண்ட் ஏன் போனது, ஏன் வந்தது என்று சொல்லும் இடங்களை ஒரு கோச்சின் கணிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இட்டோ 2000 அக்டோபரில் பிறந்தவர், ஷிசுவோகா மாநிலத்தின் இவாதா ஊர்க்காரர். அம்மாவும் டேபிள் டென்னிஸ் ஆடியவர்தான். இரண்டு வயதில் மகளின் கையில் பேட்டைக் கொடுத்து, வீட்டிலேயே டேபிள் போட்டு மணிக்கணக்கில் பயிற்சி கொடுத்தவரும் அவரே. 13 வயதில் மியு ஹிரானோவுடன் சேர்ந்து ஜெர்மன் ஓப்பன் இரட்டையர் பட்டம். அடுத்த வருடம், 2015-இல், அதே ஜெர்மன் ஓப்பனில் ஒற்றையர் பட்டம். அந்த இறுதிப் போட்டியில் தோற்றவர் ஜெர்மனியின் பெட்ரிசா சோல்யா. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

இனி ரப்பர் விஷயம். எல்லாமே அதிலிருந்துதான் கிளைக்கிறது. சாதாரண ரப்பரில் பருக்கள் உள்பக்கம் ஸ்பாஞ்சைப் பார்த்து இருக்கும், வெளிப்பக்கம் வழவழப்பாக இருந்து பந்தைப் பிடிக்கும். ஷார்ட் பிம்பிளில் குட்டைப் பருக்கள் வெளியே தெரியும். ஜப்பானியர்கள் பரு வெளியே இருப்பதை 'ஒமொத்தே', அதாவது முன்பக்கம் என்றும், நாம் சாதாரணம் என்று நினைப்பதை 'உரா', அதாவது பின்பக்கம் என்றும் சொல்வார்கள். பரு வெளியே இருக்கும் ரப்பர்தான் முதலில் வந்தது, அதைத் திருப்பிப் போட்டது பிறகு. அந்த வரலாறு அவர்கள் பேச்சில் அப்படியே தங்கிவிட்டது. இட்டோவின் பேக்ஹேண்டில் இருப்பது ஷார்ட் பிம்பிள், ஃபோர்ஹேண்டில் சாதாரண ரப்பர். இந்த ஏற்பாடு அவரே கண்டுபிடித்ததில்லை. அவருக்கு முன் ஜப்பானே கொண்டாடிய ஐ ஃபுகுஹாராவும் பேக்ஹேண்டில் பரு வெளியே இருக்கும் ரப்பர்தான் வைத்திருந்தார்.

பருவின் நுனி மட்டுமே பந்தைத் தொடுவதால் பிடிமானம் குறைவு. எதிராளி போடும் ஸ்பின் நம் பேட்டில் அவ்வளவாக ஏறாது. நாம் போடும் ஸ்பின்னும் அவ்வளவாகப் பந்தில் ஏறாது. முதல் பாதி வரம், இரண்டாம் பாதி சாபம் என்று தோன்றும். களத்தில் இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும். ஒரு பரிசோதனை சொல்கிறேன். எங்கள் கிளப்பில் நன்றாக டாப்ஸ்பின், அதாவது பந்து முன்னோக்கி உருளும் ஸ்பின், போடும் ஒரு பையன் இருந்தான். நான் பிம்பிள் பேட்டை வாங்கிக்கொண்டு அவன் பந்துகளைச் சும்மா தட்டித் திருப்பினேன். முதல் பந்தை எடுத்தான். இரண்டாவது நெட்டில். மூன்றாவது நெட்டில். பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், ரப்பர் அழுக்காகிவிட்டதோ என்று தேய்த்துக்கூடப் பார்த்தான். நடந்தது இதுதான்: சாதாரண ரப்பரில் பிளாக் செய்த பந்து கொஞ்சம் டாப்ஸ்பின்னோடு வந்து டேபிளில் பட்டதும் முன்னே பாயும். பிம்பிளில் பிளாக் செய்தது வெறும் பந்தாக வந்து, எதிர்பார்த்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே அமுங்கிவிடும். அந்தக் கொஞ்சத்தில்தான் அவன் இரண்டு பாயிண்ட் விட்டான்.

ஆனால் பதினைந்து நிமிடத்தில் பையன் பழகிவிட்டான். பிறகு என் பந்தை வாட்டமாகப் போட்டு அடித்தான். ரப்பர் மட்டும் கொடுக்கும் லாபத்தின் ஆயுசு அவ்வளவுதான். உலகின் முதல் பத்துப் பேருக்குப் பதினைந்து நிமிடம்கூட வேண்டாம். இட்டோ இத்தனை வருடம் அவர்களைத் தொல்லை செய்திருக்கிறார் என்றால் காரணம் வேறு எங்கோ இருக்க வேண்டும்.

என் கணக்கில் அது முதல் மூன்று பந்துகளில் இருக்கிறது. சர்வீஸ், ரிசீவ், அதற்கடுத்த அடி. அவர் சர்வீஸ் போடும் முன் குனிந்து, முகத்தை டேபிளுக்கு அருகே கொண்டுவந்து, ஒரு கணம் அசையாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பிறகு வருவது பல விதம். பந்தைச் சுற்றிக் கையைச் சுருட்டிக்கொண்டு போகும் ஹூக் சர்வீஸ் ஒன்று அவரிடம் உண்டு. கை அசைவு ஒன்றுபோலவே இருக்கும், ஒரு பந்தில் ஸ்பின் முழுதாக இருக்கும், இன்னொன்றில் ஒன்றுமே இருக்காது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் சில நேரம் எனக்குப் பிடிபடுவதில்லை. எதிராளி சந்தேகத்தோடு தொட்ட பந்து கொஞ்சம் உயர்ந்து வந்தால் போதும், பேக்ஹேண்ட் பிம்பிளால் ஒரே தட்டு. பேட்டைப் பின்னால் இழுப்பதே இல்லை என்பதால் அடி எந்தப் பக்கம் வரும் என்பதும் முன்கூட்டித் தெரியாது.

ரிசீவில் இன்னொரு விசித்திரம். சிறியதாக விழும் சர்வீஸை எடுக்க எல்லோரும் இப்போது பேக்ஹேண்டில் மணிக்கட்டைச் சுழற்றி அடிக்கும் 'சிக்கிட்டா' போடுகிறார்கள். இட்டோ ஃபோர்ஹேண்டால் பந்தைக் குத்துவார். பேட்டை வயிற்றுப் பக்கமாக ஒட்டி வைத்து, குத்துச்சண்டைக்காரர் ஜாப் போடுவதுபோல ஒரு குத்து. ஜப்பானில் இதற்கு 'மிமா பஞ்ச்' என்றே பெயர். எந்தக் கோச்சிங் புத்தகத்திலும் இப்படி ஒரு அடி இருக்காது. என் மாணவர் யாராவது செய்தால் திட்டியிருப்பேன்.

ஐந்தடியை ஒட்டிய உயரம்தான். கை நீளமும் அதற்கேற்ற அளவு. டேபிளை விட்டுப் பின்னால் போனால் அவரால் தாக்குப்பிடிக்க முடியாது. அதனால் டேபிளை ஒட்டியே நின்று, பந்து எழும்பும்போதே அடித்துவிடுகிறார். எதிராளி முந்தைய அடியிலிருந்து மீள்வதற்குள் பந்து திரும்பி வந்துவிடுகிறது. பிம்பிள் இதற்குத் தோதான கருவி. வரும் ஸ்பின்னைப் பற்றி அதிகம் யோசிக்காமல் கையை வைக்கலாம் என்பதால் சீக்கிரம் அடிக்க முடிகிறது. ரப்பரா ஆளா என்ற கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது: அவர் செய்ய நினைத்த ஆட்டத்தை ரப்பர் அனுமதிக்கிறது. அந்த ஆட்டத்தை யோசித்தது அவரும் அவர் அம்மாவும்.

இந்த ஆட்டம் முழுமையாகக் கைகூடிய வாரம் என்றால் 2018 நவம்பர், ஸ்வீடிஷ் ஓப்பன். லியு ஷிவெனை 4-3, ரியோ ஒலிம்பிக் தங்கம் வென்ற டிங் நிங்கை 4-2, இறுதியில் அப்போது தரவரிசையின் உச்சியில் இருந்தவர்களில் ஒருவரான ஜு யூலிங்கை 4-0. ஒரே போட்டியில் மூன்று சீனப் பெரிய தலைகள், ஆடியவருக்கு வயது 18. அதே வருடத் தொடக்கத்தில் அகில ஜப்பான் சாம்பியன்ஷிப்பில் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் மூன்றையும் வென்றிருந்தார். அடுத்த வருடமும் அதே மூன்றையும் வென்றார். 2020-இல் உலகத் தரவரிசையில் 2-ஆம் இடம் வரை போனார்.

சரி, அப்படியானால் அந்த 0-4 எப்படி வந்தது? இதற்கு, இந்த ஆட்டத்துக்குக் கொடுக்க வேண்டிய விலையைப் பற்றிப் பேச வேண்டும். ஸ்பின் போட்டு அடித்த பந்து வில்லாக வளைந்து நெட்டைத் தாண்டி, டேபிளுக்குள் தானே இறங்கிவிடும். கை கொஞ்சம் பிசகினாலும் ஸ்பின் காப்பாற்றும். பிம்பிளில் அடித்த பந்து கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். நெட் 15.25 செ.மீ. உயரம், டேபிள் 2.74 மீட்டர் நீளம். அந்த இடைவெளிக்குள் தட்டையான பந்தை நுழைக்க, தொடும் நேரமும் பேட்டின் சாய்வும் மயிரிழை தவறக் கூடாது. மற்றவர்களிடம் ஒரு பாதுகாப்பான அடி இருக்கும். கொஞ்சம் பின்னால் போய், சுழற்றி ஒரு பந்தைப் போட்டு, மூச்சு வாங்கிக்கொள்வார்கள். இட்டோவின் ஆட்டத்தில் மூச்சு வாங்க ஒரு ஷாட் கிடையாது. கை ஓடும்போது பாயிண்ட் கொத்துக் கொத்தாக வரும். தயக்கம் வந்தால் அதே வேகத்தில் கொத்துக் கொத்தாகப் போகும்.

இதை அவருடைய வாழ்க்கையே காட்டியிருக்கிறது. 2016 ரியோவில் குழுப் போட்டியின் அரையிறுதி, ஜெர்மனிக்கு எதிராக. எதிரே அதே பெட்ரிசா சோல்யா. ஐந்தாவது கேமில் இட்டோ 9-3 முன்னிலை. இன்னும் இரண்டே பாயிண்ட். 10-12 என்று தோற்றார், ஜப்பானும் தோற்றது. அப்போது அவருக்கு 15 வயது. வெண்கலப் போட்டியில் சிங்கப்பூரின் ஃபெங் தியன்வெயை 3-0 என்று வீழ்த்தி, ஒலிம்பிக் டேபிள் டென்னிஸில் பதக்கம் வென்ற மிக இளையவர் ஆனார்.

ஐந்து வருடம் கழித்து டோக்கியோ. கலப்பு இரட்டையரில் அவரோடு ஆடியவர் ஜூன் மிசுதானி. அவரும் இவாதாக்காரர், 11 வயது மூத்தவர். இட்டோ சின்னப் பிள்ளையாக ஆடப் போன உள்ளூர் கிளப்பை நடத்தியவர்கள் மிசுதானியின் பெற்றோர். காலிறுதியில் ஜெர்மனியின் பாட்ரிக் ஃபிரான்சிஸ்கா, பெட்ரிசா சோல்யா. ஆமாம், மறுபடியும் அவரே. கடைசி கேமில் 2-9 பின்தங்கினார்கள். அங்கிருந்து ஏழு மேட்ச் பாயிண்டைத் தடுத்து 16-14 என்று எடுத்தார்கள். நான் அதை ராத்திரி போனில், முடிவு தெரிந்த பிறகுதான் பார்த்தேன். அப்படியும் 6-10 வந்தபோது எழுந்து நின்றுவிட்டேன். 2021 ஜூலை 26 அன்று இறுதிப் போட்டியில் சீனாவின் ஷு சின், லியு ஷிவென் ஜோடி முதல் இரண்டு கேமை எடுத்தது. பிறகு ஜப்பான் திரும்பி வந்து, ஏழாவது கேமில் 8-0 என்று ஓடி, 4-3 வென்றது. ஒலிம்பிக் டேபிள் டென்னிஸில் ஜப்பானுக்கு அதுதான் முதல் தங்கம்.

இந்த ஜோடி ஏன் அவ்வளவு பொருந்தியது என்று கவனித்தால் ரப்பரைப் பற்றி இன்னும் கொஞ்சம் புரியும். இரட்டையரில் ஆளுக்கு ஒரு பந்து மாறி மாறி ஆட வேண்டும். மிசுதானி இடது கைக்காரர், ஸ்பின்னும் பொறுமையும் அவர் சொத்து, தேவைப்பட்டால் பின்னால் போய் பந்தை உயரத் தூக்கிப் போட்டே காலம் கடத்துவார். இட்டோவின் பந்து தட்டையாக, சீக்கிரமாக வரும். எதிராளிக்கு ஒரு பந்து வளைந்து வரும், அடுத்தது வளையாமல் வரும். அவர்கள் காலும் கையும் ஒரு தாளத்துக்குப் பழகவே முடியாது. ஒற்றையரில் இட்டோவிடம் இல்லாத அந்த 'மூச்சு வாங்கும் அடி' இரட்டையரில் மிசுதானி வடிவில் பக்கத்திலேயே நின்றது.

அதற்கு மூன்று நாள் கழித்து ஒற்றையர் அரையிறுதி. நீங்கள் பார்த்த 0-4 அதுதான். எதிரே சீனாவின் சுன் யிங்ஷா. இரண்டாவது கேமில் இட்டோ 9-3 முன்னிலை. அங்கிருந்து வரிசையாக எட்டுப் பாயிண்ட் போனது, 9-11. அதன் பிறகு ஆட்டம் சுன்னின் கையில்தான். ரியோவில் இருந்த அதே 9-3. இதை மனவலிமைக் குறைவு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மனவலிமை இல்லாதவர் 2-9-இலிருந்து வரமாட்டார். இரண்டும் ஒரே ஆட்டத்தின் இரண்டு முகங்கள் என்றுதான் நான் பார்க்கிறேன். பிறகு சிங்கப்பூரின் யு மெங்யுவை 4-1 வென்று வெண்கலம் எடுத்தார். ஒலிம்பிக் ஒற்றையரில் பதக்கம் வாங்கிய முதல் ஜப்பானியப் பெண் அவர். குழுப் போட்டியில் வெள்ளி. தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றையும் ஒரே ஒலிம்பிக்கில் வாங்கிவிட்டு, அந்தத் தோல்வியைப் பற்றியே எல்லோரும் பேசும்படி ஆனது அவருடைய பாடு.

சுன்னுக்கு மட்டும் ஏன் இது எளிதாக இருந்தது? இங்கே நான் சொல்வது கணிப்பு. சுன் டேபிளை விட்டு விலக மாட்டார், அவருடைய பந்தில் கனம் அதிகம். மற்றவர்கள் இட்டோவின் வேகத்துக்குப் பயந்து அரை அடி பின்னால் போவார்கள், அந்த அரை அடிதான் இட்டோவுக்கு வேண்டியது. சுன் போகவில்லை. இன்னொன்று, இரண்டு பக்கமும் வேறு வேறு ரப்பர் இருப்பவருக்கு முழங்கைக்கு நேரே வரும் பந்து பெரிய தலைவலி. எந்தப் பக்கத்தால் எடுப்பது என்று முடிவு செய்வதோடு, பேட்டின் சாய்வையும் அந்தந்த ரப்பருக்கு மாற்ற வேண்டும். அங்கே ஒரு பந்து, அடுத்தது ஃபோர்ஹேண்ட் ஓரத்துக்கு ஒரு பந்து என்று சுன் மாற்றி மாற்றிப் போட்டதைப் பார்க்கலாம். சீனா இட்டோவை வீட்டுப்பாடமாகப் படித்திருந்தது என்பதும் தெளிவு. அவர்களிடமே பேக்ஹேண்டில் ஷார்ட் பிம்பிள் வைத்த ஹே ஜுவோஜியா இருந்தார், 2019-இல் அவர் இட்டோவைப் பலமுறை தோற்கடித்தார். வீட்டிலேயே அப்படி ஒரு ஆள் இருந்தால் பயிற்சிக்குப் பஞ்சமில்லை.

அதன் பிறகு ஏற்ற இறக்கம். 2024 பாரிஸுக்கான ஜப்பான் தேர்வில் ஒற்றையர் இடம் இரண்டும் ஹினா ஹயாதாவுக்கும் மியு ஹிரானோவுக்கும் போனது, குழுவின் மூன்றாவது இடம் 15 வயது மிவா ஹரிமோதோவுக்கு. இட்டோ இல்லாமலே ஜப்பான் போனது. முடிந்தது என்று பலரும் எழுதிவிட்டார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். 2025 தோஹா உலகச் சாம்பியன்ஷிப்பில் ஒற்றையர் வெண்கலம் வாங்கினார். உலகச் சாம்பியன்ஷிப் ஒற்றையரில் அவருக்கு அதுதான் முதல் பதக்கம்.

நம் ஊர் ஆட்களோடு ஒப்பிட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பதற்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். மணிகா பத்ரா பேக்ஹேண்டில் வைத்திருப்பது லாங் பிம்பிள். பருக்கள் நீளம், வளையும், எதிராளியின் ஸ்பின்னை அவருக்கே திருப்பி அனுப்பும். அது பந்தின் வேகத்தைக் கெடுத்து எதிராளியை ஏமாற்றும் ரப்பர், ஷார்ட் பிம்பிள் முந்திக்கொண்டு அடிக்கும் ரப்பர். 2022 ஆசியக் கோப்பை அரையிறுதியில் இருவரும் மோதினார்கள், இட்டோ 4-2 வென்றார். நேரம் கிடைத்தால் மகளோடு உட்கார்ந்து பாருங்கள், இரண்டு வகைப் பருவும் ஒரே டேபிளில் எப்படி நடந்துகொள்கின்றன என்பது கண்ணுக்குத் தெரியும்.

இனி உங்கள் மகள். குறுக்கு வழியா என்றால், இல்லை. சொல்லப்போனால் இது சுற்று வழி. இதில் நான் ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன். ஒரு மாணவிக்கு பேக்ஹேண்ட் பலவீனம், அதை மறைக்கலாம் என்று ஷார்ட் பிம்பிள் ஒட்டினேன். அந்தப் பெண்ணுக்கு இயல்பாகவே டேபிளிலிருந்து இரண்டடி பின்னால் நின்று சுழற்றப் பிடிக்கும். எட்டு மாதம் போராடினாள். முன்னால் நில் என்று நான் கத்த, அவள் பின்னால் நகர, இரண்டு பேருக்கும் ஆட்டமே வெறுத்துப்போனது. பழைய ரப்பரையே திரும்ப ஒட்டினோம். தப்பு என்னுடையது. பலவீனத்தை மறைக்க இந்த ரப்பரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, அவசரக்காரக் கைக்குத்தான் இது.

அதனால் கோச்சிடம் ரப்பரைப் பற்றிக் கேட்காமல் மகளைப் பற்றிக் கேளுங்கள். பந்து எழும்பும்போதே தட்டும் பழக்கம் அவளுக்குத் தானாக இருக்கிறதா? ஃபோர்ஹேண்டால் பாயிண்ட் முடிக்கிறாளா? நாலு பந்து வெளியே போனாலும் ஐந்தாவதை அடிக்கத் துணிகிறாளா? இருந்தால் முயன்று பார்க்கலாம். ஆனால் சாதாரண ரப்பரில் பேக்ஹேண்ட் டாப்ஸ்பின் ஓரளவு வந்த பிறகுதான் மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. ஸ்பின் போடத் தெரியாமல் பிம்பிளுக்குப் போன பிள்ளைக்கு, வரும் ஸ்பின்னைப் படிக்கவும் தெரியாமல் போய்விடும். மற்ற கோச்சுகள் இதில் மாறுபடலாம். சின்ன வயதிலேயே ஆரம்பிப்பதுதான் சரி என்று வாதிடுபவர்களுக்கு இட்டோவே சாட்சி. முதலில் புது ரப்பர் வாங்காமல், கிளப்பில் யாரிடமாவது பிம்பிள் ஒட்டிய பேட் இருந்தால் இரவல் வாங்கி, வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம் ஆடவிடுங்கள். ஒரு மாதம் கழித்து அவள் டேபிளை நோக்கி நகர்ந்திருக்கிறாளா, விலகியிருக்கிறாளா என்று பின்னால் நின்று அவள் கால்களை மட்டும் பாருங்கள்.